பாதி அலையை மட்டும் பார்த்தவனுக்கு

சரவணா,

ஒரே வீட்டில் அடுத்த அறையில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற அம்மா இந்த ஒரத்தநாடு வட்டாரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நலமா என்று கேட்டு ஆரம்பிக்க வேண்டும் என்பார்கள். நீ நலம்தான், காலையில் காலியான இட்லிப் பாத்திரத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். வாயால் சொல்லலாம் என்றால், "அந்தப் பேப்பர்..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிடுகிறாய். ஈமெயில் அனுப்பலாம் என்றால் நீ லேப்டாப்பைத் திறந்தே நாளாகிறது. அதன் மேல் உன் அப்பா விதை உளுந்துப் பையை வைத்திருக்கிறார், நீயும் அதை நகர்த்தவில்லை. இந்த வீட்டில் நீ தவறாமல் திறப்பது ஹாட்பாக்ஸ் ஒன்றைத்தான். அதனால் நாளை காலையில் இதை அதன் மேல் வைத்துவிட்டுத்தான் கல்யாணத்துக்குக் கிளம்பப் போகிறோம். சாப்பிட்டுவிட்டே படி. ஆனால் முழுசாகப் படி.

ஆராய்ச்சிப் படிப்பிலிருந்து பொங்கல் லீவுக்கு வந்தவன் நீ. சம்பா அறுப்பு முடிந்து, வைக்கோல் கட்டி, உளுந்து விதைத்து அதுவும் பூத்துவிட்டது. நீ இன்னும் இருக்கிறாய். யார் கேட்டாலும் "அப்பாவுக்கு ஒத்தாசைக்கு இருக்கேன்" என்கிறாய். என்ன ஒத்தாசை? அறுவடை மெஷின் வயலில் இறங்கினால் மெஷின்காரருக்கு வேலை தெரியும், உன் அப்பாவுக்கு வயல் தெரியும். நீ வரப்பில் நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாய். வேளாண்மை அதிகாரி வந்திருக்கிறார் என்று நினைத்து ஒருவர் உனக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனாரே, அதுதான் நீ செய்த விவசாயம். உன் அப்பாவைச் சொல்லியும் பயனில்லை. "இருக்கட்டும் விடு, புள்ள கொஞ்ச நாள் வீட்டுச் சோறு திங்கட்டும்" என்கிறார். அவர் உனக்கு பரோட்டா வாங்கிவருவதைப் பார்த்தால் நீ ஏதோ பரிசு வாங்கிவிட்டு வந்திருப்பதாகத்தான் யாரும் நினைப்பார்கள்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் நான் என்று நீ மனசுக்குள் நினைத்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். என் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உன் ஆராய்ச்சியைக் காட்டு என்று நான்தான் நச்சரித்தேன். பள்ளிக்கூடத்து ஹைடெக் லேப்பில் நீ லேப்டாப்பை மாட்டிவிட்டு அழகாகத்தான் ஆரம்பித்தாய். ஆற்று அலை போல ஓடிப் போகாமல், ஒரே இடத்தில் நின்று மேலும் கீழும் ஆடுகிற அலை நிலையலை என்றாய். சாதாரணச் சமன்பாட்டில் இரண்டு விடைகளைக் கூட்டினால் அதுவும் ஒரு விடையாக இருக்கும். உன்னுடையது நேரியலற்ற சமன்பாடு, அதில் அலை தன் உயரத்தாலேயே தன் போக்கை மாற்றிக்கொள்ளும், கூட்டல் கதை நடக்காது என்றாய். நடுவில் ஒரு புள்ளியில் அலையை வெளியே தள்ளுகிற ஒரு கோளாறு இருக்கிறது, சரியாக அதன் தலை மேலேயே ஒரு அலையை நிறுத்தி வைத்தால், லேசாகத் தட்டிவிட்டாலும் அது குலையாமல் நிற்கும், அதை நிறுவியதுதான் என் வேலை என்றாய். பின் பெஞ்சுப் பையன்கள்கூடக் கேட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதை இப்போது எழுதும்போதும் எனக்கு வெட்கமில்லை.

திரையில் அலை நின்று ஆடியது. ஆடிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் கொட்டாவி விட ஆரம்பித்த நேரத்தில் அது மெல்ல இடதுபக்கம் சாய்ந்தது. நீ திரையைத் திரும்பிப் பார்த்தாய். அது இன்னும் சாய்ந்து, நடுப்புள்ளியை விட்டு வழுக்கி, திரையின் ஓரத்தைப் பார்த்துப் போக ஆரம்பித்தது. பிள்ளைகள் அதுதான் கிளைமாக்ஸ் என்று நினைத்துக் கைதட்டினார்கள். முன் வரிசையில் ஒரு பெண், "சார், நிக்கும்னீங்க, அது ஏன் சார் அந்தப் பக்கமா போவுது?" என்று கேட்டாள். "அது கிராஃபிக்ஸ் பிராப்ளம்மா" என்று சொல்லி நீ லேப்டாப்பை மூடினாய். அந்தப் பெண் அதை நம்பிவிட்டாள். சார் சொன்னால் நம்பத்தானே செய்வார்கள்.

அன்று சாயங்காலம் நீ அடுப்படிக்கு வந்து நின்ற முகத்தை நான் மறக்கவில்லை. "ம்மா, எல்லாம் போச்சும்மா" என்றாய். யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்து அடுப்பை அணைத்தேன். பிறகு சொன்னாய். இத்தனை நாளும் நீ அலையின் வலது பாதியை மட்டும்தான் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டிருக்கிறாய். இடது பாதியைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல அப்படியே திருப்பி ஒட்டிக்கொண்டாய். "எல்லாரும் அப்படித்தாம்மா பண்ணுவோம், பாதி நேரம் மிச்சம்" என்றாய். என் பிள்ளைகளுக்குப் பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று அன்றைக்குத்தான் முதல்தடவையாக முழு அலையையும் ஓடவிட்டிருக்கிறாய். கணக்கில் எங்கோ கடைசி தசமத்தில் இரண்டு பக்கத்துக்கும் ஒரு துளி வித்தியாசம் வந்திருக்கிறது. அந்தத் துளி வளர்ந்து வளர்ந்து அலையைத் தள்ளிவிட்டது.

"சரி, கம்ப்யூட்டர்தானே தப்பு? நிறுவல் நிக்கும்ல?" என்று கேட்டேன்.

"நிறுவலும் அதேதாம்மா. 'பொதுத்தன்மை குன்றாமல் இரட்டைச் சார்புன்னு கொள்வோம்'னு ரெண்டாம் பக்கத்துலயே எழுதிட்டேன். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தட்டினா ஒண்ணும் ஆகாது. ஒரு பக்கம் கூடக் குறைய தட்டினா போயிடும். ஒரே ஒரு எதிர்மறை ஐகன் மதிப்புதான் இருக்கு, ஒண்ணுன்னா அலை நிக்கும்னு நினைச்சேன். ரெண்டாவது ஒண்ணு ஒற்றைச் சார்பு பக்கம் இருந்திருக்கு. நான் அந்தப் பக்கமே போகலையே."

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் இரட்டைச் சார்பு, ஒற்றைச் சார்பு நடத்துகிறவள் நான். இடமும் வலமும் ஒன்றாக இருந்தால் இரட்டை, ஒன்றுக்கொன்று எதிராக இருந்தால் ஒற்றை, எந்தச் சார்பை எடுத்தாலும் இந்த இரண்டையும் கூட்டினால்தான் முழுசு. பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு பொதுத்தன்மை குன்றவில்லை என்று எழுதினால் குன்றாமல் என்ன செய்யும்? என் பிள்ளைகள் எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்பேன். நீயும் அதைத்தான் செய்திருக்க வேண்டும். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் உன் பேராசிரியருக்கு நாலு வரி எழுதியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். பேப்பர் இன்னும் அச்சாகவில்லை, ஆய்விதழில் ஏற்றுக்கொண்டு வரிசையில்தான் வைத்திருக்கிறார்கள் என்று நீதானே சொன்னாய்.

எனக்கு ஆத்திரம் வருவது எதில் தெரியுமா? நீ எல்லாம் போச்சு என்று சொன்னதில்தான். என்னடா போச்சு? இரண்டு பக்கமும் சமமாகத் தட்டினால் நிற்கும் என்பது உண்மைதானே? அந்த ஒரு நிபந்தனையைச் சேர்த்து எழுதினால் உன் தேற்றம் அப்படியே நிற்கிறது. சமமில்லாமல் தட்டினால் போய்விடும் என்பதை நிறுவினால் அது இன்னொரு தேற்றம். நிலையானது என்று காட்டினால்தான் கணிதம், நிலையற்றது என்று காட்டினால் கணிதமில்லை என்று உனக்கு யார் சொன்னது? முன்பு ஒருமுறை நீ எனக்குச் சொன்னாய், உங்கள் துறையில் நிலையாக இருப்பது என்றால் அதே இடத்தில் அசையாமல் இருப்பதில்லை, கொஞ்சம் நகரலாம், ஆட்டத்தில் கொஞ்சம் முந்திப் பிந்திப் போகலாம், வடிவம் மட்டும் குலையக் கூடாது, அதைத்தான் பார்ப்போம் என்று. அன்றைக்குத் திரையிலும் அலை உடையவில்லையே. இடத்தை விட்டுத்தான் போனது. போனபோதும் அலையாகத்தான் போனது. ஏன் போகிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது, போய் என்ன ஆகிறது, இதெல்லாம் கேள்வி இல்லையா? என் வகுப்பில் அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு விடை எழுதினாலே உனக்கு ஒரு பேப்பர் இருக்கிறது. நீயோ உளுந்துச் செடிக்குக் காவல் இருக்கிறாய்.

உன் அப்பாவுக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, எனக்கு மோட்டார் கதை ஞாபகம் இருக்கிறது. குறுவைக்கு நாற்று விட்டிருந்தோம். ஆற்றில் தண்ணீர் வரவில்லை, போர் மோட்டார்தான் கதி. மாரிமுத்து சித்தப்பாவின் நாற்றங்காலுக்கும் நம் மோட்டாரிலிருந்துதான் தண்ணீர். உன் பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சிக்குக் கம்பி வேண்டும் என்று நீ ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து ஒரு ஃபியூஸ் கம்பியை உருவிக்கொண்டு போய்விட்டாய். அப்பா வந்து மோட்டாரைப் போட்டார். மூன்று பேஸ் கரண்டில் ஒன்று அறுந்து, இரண்டில் மட்டும் மோட்டார் உறுமியது. நீ பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாய். "அப்பா நிறுத்துங்க" என்ற இரண்டு வார்த்தை உன் வாயில் வரவில்லை. மோட்டாரின் காயில் கருகி, தஞ்சாவூருக்குக் கொண்டுபோய்ப் புதுக் கம்பி சுற்றி வருவதற்குள் இரண்டு நாற்றங்காலும் காய்ந்துவிட்டன. நம்முடையது காய்ந்தது நம் பாவம். சித்தப்பாவுடையது ஏன் காய வேண்டும்? அன்றைக்கு உன்னை நாலு சாத்து சாத்தப் போனேன், உன் அப்பா குறுக்கே வந்து நின்றார். "தெரியாம எடுத்துட்டான் விடு" என்றார். எடுத்தது தெரியாமல்தான். உறுமும்போது வாயை மூடிக்கொண்டு நின்றது தெரிந்தேதான். எனக்கு அன்றும் அதுதான் கோபம், இன்றும் அதுதான்.

ஏன் இன்றைக்கு இதை எழுதுகிறேன் என்றால், நேற்று நஸ்ரின் போன் செய்தாள். உன் லேப்பில் உனக்கு ஜூனியர், திருவாரூர்ப் பெண் என்று நீ சொல்வாயே, அவள்தான். உனக்குப் போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு, எப்போதோ நீ அவசரத்துக்கு என்று கொடுத்துவைத்த என் நம்பருக்குப் போட்டிருக்கிறாள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

"ஆன்ட்டி, சரவணா அண்ணாவுக்கு என்ன ஆச்சு? மெசேஜைப் பாக்கவே இல்ல. சாரும் கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றாள்.

என்ன சொல்வது? யாரிடமும் சொல்லக் கூடாது என்று உன் தலைமேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாய். இத்தனை நாளைக்குக் காய்ச்சல் என்று சொன்னால் எந்தப் பெண் நம்புவாள்? "மஞ்சக்காமாலைம்மா, டாக்டர் போனையே பாக்கக் கூடாதுன்னுட்டாரு" என்று சொல்லிவிட்டேன். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்துகொண்டு, என் பக்கத்திலேயே உயிரியல் டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்க, அந்தப் பொய்யைச் சொன்னேன். டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். முந்தாநாள் அவர் உன்னைப் பரோட்டா கடையில் பார்த்திருக்கிறார்.

அந்தப் பெண் பதறிவிட்டாள். "ஐயோ ஆன்ட்டி, பத்தியமா பாத்துக்குங்க. நான் நோம்புக்கு வீட்டுக்குத்தான் வந்துருக்கேன். ஞாயித்துக்கெழமை வந்து பாத்துட்டுப் போறேன். எங்க உம்மா கீழாநெல்லி அரைச்சுத் தரேன்னு சொல்றாங்க" என்றாள். அதற்குப் பிறகுதான் கொஞ்சம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். அவளுடைய இரண்டாவது அத்தியாயம் முழுக்க உன் தேற்றத்தின் மேல்தான் நிற்கிறதாம். ஒரு கோளாறுக்கு நீ செய்ததை அவள் பல கோளாறுகளுக்குச் செய்துகொண்டிருக்கிறாளாம். "ஒரு இடத்துல மட்டும் கணக்கு ஒத்து வரவே மாட்டேங்குது ஆன்ட்டி. ஒரு மாசமா தூக்கமே இல்ல. நான்தான் எங்கேயோ முட்டாள்தனமா தப்பு பண்றேன் போல. அண்ணா ஒரு தடவை பாத்தாங்கன்னா கண்டுபிடிச்சுடுவாங்க" என்றாள்.

நான் தப்பு பண்றேன் போல என்கிறாள்! அவள் கணக்கு சரியாக இருப்பதால்தான் ஒத்து வரவில்லை. அதைச் சொல்ல எனக்கு வாய்வரைக்கும் வந்தது. சொல்ல முடியாமல் "கவலைப்படாதம்மா" என்று சொல்லி போனை வைத்தேன். அடுத்த பீரியடுக்கு வகுப்பில் போய் நின்றால் எனக்குப் பாடம் ஓடவில்லை. துபாயில் கடையில் நிற்கிற அப்பா, பெண் பிள்ளையை இவ்வளவு தூரம் ஏன் படிக்க வைக்கிறாய் என்று கேட்கிற சொந்தக்காரர்கள், எல்லாரையும் சமாளித்துவிட்டு வந்த பெண் என்று நீதான் எனக்குச் சொன்னாய். அவள் தன்னை முட்டாள் என்று நினைத்துக்கொண்டு தூக்கம் கெட்டுக் கிடக்கிறாள். உனக்கு உண்மை தெரியும். நீ மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்குகிறாய்.

நீ ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். போன வாரம் நான் கொஞ்சம் கத்தியபோது நீயும் கத்தினாய் அல்லவா, "மத்தவன் தப்பு பண்ணா தப்புன்னு சொல்லுவாங்கம்மா. நான் பண்ணா கோட்டாவுல வந்தவன்னு சொல்லுவாங்க" என்று. அன்று நான் எழுந்து போய்விட்டேன். அழுதேன் என்றுகூட வைத்துக்கொள். என் அப்பா அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் படிக்கவைத்துத்தான் நான் டீச்சரானேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் கரும்பலகையில் ஒரு தொகையீட்டைத் தப்பாகப் போட்டுவிட்டேன். வராந்தாவில் போன ஒரு மூத்த ஆசிரியர் நின்று பார்த்துவிட்டு, எனக்குக் கேட்கிற மாதிரியே, "இவங்களையெல்லாம் மேத்ஸுக்குப் போட்டா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் எனக்கு முன்னால் பிள்ளைகள் அந்தத் தப்பை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் என்ன செய்ய? "நான் தப்பா போட்டுட்டேன், அடிச்சிடுங்க, முதல்லேருந்து போடுவோம்" என்றேன். அந்த மனிதர் ஓய்வுபெறும்வரை என்னைப் பற்றி அப்படியேதான் பேசிக்கொண்டிருந்தார். நான் சரியாகப் போட்ட கணக்கெல்லாம் அவரை மாற்றவில்லை. அப்படிப்பட்டவர்கள் நீ சரியாகச் செய்தாலும் சொல்வார்கள், தப்பாகச் செய்தாலும் சொல்வார்கள், ஒன்றுமே செய்யாமல் ஓடிவந்துவிட்டால் பார்த்தாயா என்று இன்னும் சந்தோஷமாகச் சொல்வார்கள். அவர்கள் வாயை அடைப்பதற்காக இந்தப் பெண்ணின் படிப்பை நீ கொடுக்க முடியாது. அது உன்னுடையதல்ல.

கோபம் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதும்போதுதான் தெரிகிறது, இதில் முக்கால்வாசி பயம். நீ கணக்கில் தோற்றுவிடுவாய் என்ற பயம் எனக்கு இல்லை. கணக்கு வராவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம், இந்த வீட்டில் யாரும் உன்னை ஒரு வார்த்தை கேட்கப் போவதில்லை. உனக்குத் தெரிந்த உண்மையை மறைத்துக்கொண்டு, அதனால் அடுத்தவர் படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டு, மூன்று வேளையும் சாப்பிட்டுப் பழகிவிடுவாயோ என்றுதான் பயம். பழகிவிட்டால் அது போகாது. இப்போதே பாதி பழகிவிட்டாய் போலிருக்கிறது.

அதனால் கேள். நாளை ஞாயிற்றுக்கிழமை பாபநாசத்தில் உன் அத்தை மகள் கல்யாணம் என்பது உனக்குத் தெரியும். உனக்குக் காமாலை என்று அங்கேயும் சொல்லித் தொலைக்கிறேன், ஏற்கெனவே சொன்ன பொய்தானே. நானும் உன் அப்பாவும் விடிந்ததும் கிளம்பிவிடுவோம், வர சாயங்காலமாகும். நஸ்ரின் காலையில் கிளம்பி, மன்னார்குடியில் பஸ் மாறி, பதினொரு மணிவாக்கில் வந்துவிடுவாள். நோன்பு வைத்துக்கொண்டு இந்த வெயிலில் வருகிறாள், அவளுக்கு ஒரு வாய் தண்ணீர்கூட நீ கொடுக்க முடியாது. அவள் வருவதை நான் தடுத்திருக்கலாம். வேண்டுமென்றேதான் தடுக்கவில்லை. வீட்டில் நீ மட்டும்தான் இருப்பாய். வயலுக்கு ஓடிவிடாதே. அவள் உன்னைப் பார்த்த உடனே தெரிந்துகொள்வாள், கன்னம் கொழுத்துப் போய் நிற்கிறவனுக்குக் காமாலையும் இல்லை ஒன்றும் இல்லை என்று. அதற்குப் பிறகு நீ புதிதாக ஒரு பொய்யைத் தேட வேண்டும், இல்லை உண்மையைச் சொல்ல வேண்டும். உளுந்துப் பையை நகர்த்திவிட்டு லேப்டாப்பைத் திற. முழு அலையையும் அவளுக்கு ஓடவிட்டுக் காட்டு. உன் தப்பு எந்தப் பக்கத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று உன் கையாலேயே தொட்டுக் காட்டு. பேராசிரியருக்கு எழுத வேண்டியதையும் அவள் எதிரிலேயே எழுதி அனுப்பு. அவள் உட்கார்ந்து யோசித்தால் அந்த இரண்டாவது அத்தியாயத்தை எப்படித் தூக்கி நிறுத்துவது என்பது உன்னைவிட அவளுக்குத்தான் முதலில் தெரியப்போகிறது, அதையும் தாங்கிக்கொள்.

நீ சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன் என்று மிரட்ட மாட்டேன். நான் சொன்னால் அது கோள் சொன்னதாகத்தான் ஆகும், நீதான் சொல்ல வேண்டும். நாங்கள் திரும்பி வரும்போது அவள் நம் வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாலும் எனக்குச் சம்மதம். வாசலில் நின்று ஊர் கேட்க உன்னைத் திட்டிக்கொண்டிருந்தாலும் சம்மதம், நானும் கூடச் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் அண்ணாவுக்கு உடம்பு தேவலாம் என்ற நிம்மதியோடு, தன் தப்பைத் தேடிக்கொண்டே அந்தப் பெண் பஸ் ஏறிப் போயிருந்தாள் என்றால், சரவணா, அதற்குப் பிறகு நீ என் முகத்தில் முழிக்காதே.

அம்மா